ஓர் இரவு விருந்தின் விலை

பள்ளிப் படிப்பை முடித்துச் செல்லும் மாணவர்களுக்குப் பிரியாவிடை அளிப்பது பல நாடுகளில் காணப்படும் வழக்கமாகும். அமெரிக்காவில் இவ்வழக்கம் 'புரோம்' என்னும் நடன விருந்தாக நடைபெறுகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில், பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் இவ்விருந்தில் கலந்துகொள்வர். மாணவிகள் நீண்ட அங்கி அணிந்தும் மாணவர்கள் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்தும் வருவர். உணவு, இசை, நடனம், நிழற்படம் என ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் நிகழ்ச்சி முடிந்துவிடும்.

அந்த நான்கு மணி நேரத்திற்காகப் பல குடும்பங்கள் நான்கு மாதங்களுக்கு முன்பே பணம் சேர்க்கத் தொடங்குகின்றன. சில குடும்பங்கள் கடன் வாங்குகின்றன. செலவைத் தாங்க முடியாத மாணவர்கள் சிலர், "எனக்கு நடனத்தில் விருப்பமில்லை" என்று கூறி வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர். ஒரு பள்ளி விருந்து இவ்வளவு செலவு மிக்கதாக ஆனது எப்படி? அச்செலவு எங்கே தோன்றுகிறது? அதைக் குறைக்க வழி உண்டா? இவற்றை அறிந்துகொள்வது எந்த நாட்டு மாணவருக்கும் பயன் தரும்.

தோற்றமும் வளர்ச்சியும்

'புரோம்' என்பது 'புரோமனாட்' என்னும் சொல்லின் சுருக்கம். நடன விருந்தின் தொடக்கத்தில் விருந்தினர்கள் இணை இணையாக அணிவகுத்து நடந்து வருவதை அச்சொல் குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலுள்ள கல்லூரிகளில் இத்தகைய விருந்துகள் நடந்தன. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி மாணவர் ஒருவர் 1894ஆம் ஆண்டில் எழுதிய நாட்குறிப்பில் இச்சொல் இடம்பெற்றுள்ளது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வழக்கம் கல்லூரிகளிலிருந்து உயர்நிலைப்பள்ளிகளுக்குப் பரவியது. தொடக்கத்தில் பெரும்பாலான பள்ளிகள் தங்கள் விளையாட்டுக் கூடத்திலேயே விருந்தை நடத்தின. மாணவர்களே வண்ணத் தாள்களை வெட்டித் தோரணம் கட்டினர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கக் குடும்பங்களின் வருமானம் உயர்ந்தது. விருந்தும் பள்ளி வளாகத்தைவிட்டுத் தங்குவிடுதிகளுக்கும் கேளிக்கை மன்றங்களுக்கும் இடம்பெயர்ந்தது. பின்னர்த் திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் புரோமைப் பதின்ம வயதின் மிக முக்கியமான இரவாகச் சித்திரித்தன.

1975ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், அதிபர் ஜெரால்டு ஃபோர்டின் மகள் சூசன் படித்த பள்ளியின் புரோம் விருந்து வெள்ளை மாளிகையிலேயே நடைபெற்றது. அதிபரின் இல்லத்தில் நடந்தபோதும் அரசாங்கம் அதற்குப் பணம் தரவில்லை. மாணவிகளின் வகுப்பே செலவை ஏற்றுக்கொண்டது. விருந்து எங்கே நடந்தாலும் அதன் செலவை யாரேனும் சுமக்கத்தான் வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

நுழைவுச்சீட்டின் விலை

புரோம் விருந்துக்கு ஒவ்வொரு மாணவரும் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். அதன் விலையை மாணவர் ஏற்பாட்டுக் குழு, பொறுப்பாசிரியரின் துணையுடன் முடிவு செய்கிறது. இவ்விலை இரண்டு வகைச் செலவுகளைக் கொண்டது. மண்டப வாடகை, இசைக்குழு, அலங்காரம் ஆகியவை நிலையான செலவுகள். எத்தனை பேர் வந்தாலும் இவை மாறுவதில்லை. உணவுச் செலவு தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால், வருவோரின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாறும்.

எடுத்துக்காட்டாக, ஒரு பள்ளியின் கணக்கை எண்ணிப் பார்க்கலாம். மண்டபத்திற்கு 3,000 டாலர், இசைக்கு 1,000 டாலர், அலங்காரத்திற்கு 1,000 டாலர் என நிலையான செலவு 5,000 டாலர் எனக் கொள்வோம். உணவுக்குத் தலைக்கு 40 டாலர். மாணவர்கள் 250 பேர் வந்தால், நிலையான செலவில் ஒருவரின் பங்கு 20 டாலர். நுழைவுச்சீட்டின் விலை 60 டாலர். மாணவர்கள் 100 பேர் மட்டுமே வந்தால், ஒருவரின் பங்கு 50 டாலராக உயரும். நுழைவுச்சீட்டின் விலை 90 டாலராகிவிடும்.

இக்கணக்கு ஓர் உண்மையைக் காட்டுகிறது. விலை உயர்ந்தால் சிலர் வராமல் நின்றுவிடுவர். அவர்கள் நின்றுவிட்டால், வருவோர் கட்ட வேண்டிய தொகை மேலும் உயரும். அதோடு, தங்குவிடுதிகள் பொதுவாகக் குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்றை முன்கூட்டியே உறுதிப்படுத்தச் சொல்லும். 250 பேர் வருவர் என்று ஒப்பந்தம் செய்த பிறகு 200 பேரே வந்தாலும் 250 பேருக்கான உணவுக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும்.

இதனால்தான் பல பள்ளிகளில் பதினோராம் வகுப்பு மாணவர்கள் ஆண்டு முழுவதும் நிதி திரட்டுகின்றனர். பலகாரம் விற்கின்றனர், மகிழுந்து கழுவுகின்றனர், விளையாட்டுப் போட்டிகளின்போது உணவுக்கடை நடத்துகின்றனர். மேற்கண்ட பள்ளி 2,500 டாலர் திரட்டினால், 250 மாணவர்களில் ஒவ்வொருவரும் 10 டாலர் குறைவாகக் கட்டினால் போதும். விருந்தைப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்திலேயே நடத்தினால் மண்டப வாடகையே இருக்காது. எனவே, நுழைவுச்சீட்டின் விலை பெரும்பாலும் மாணவர் குழுவின் முடிவைப் பொறுத்ததாகவே உள்ளது.

சுண்டைக்காயும் சுமைகூலியும்

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. புரோம் விருந்துக்கு இது மிகவும் பொருந்தும். இங்கே சுண்டைக்காய் என்பது நுழைவுச்சீட்டு. அதைச் சுற்றி வரும் செலவுகளே சுமைகூலி.

முதலில் ஆடை. மாணவிகள் புதிய அங்கி வாங்குகின்றனர். கடையில் வாங்கிய அங்கி பெரும்பாலும் அளவுக்குப் பொருந்தாது. அதைத் தைத்துச் சரிசெய்யத் தனியாகக் கூலி கொடுக்க வேண்டும். ஒரே பள்ளியைச் சேர்ந்த இருவர் ஒரே மாதிரி அங்கியில் வந்துவிடக்கூடாது என்பதற்காகச் சில கடைகள், எந்தப் பள்ளி மாணவி எந்த அங்கியை வாங்கினார் என்று பதிவேடு வைத்திருக்கின்றன. இதனால் மற்றவர் வாங்குவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும் என்ற அவசரமும் ஏற்படுகிறது. மலிவு விற்பனைக்குக் காத்திருக்க வாய்ப்பில்லை. மாணவர்களில் பெரும்பாலோர் கோட்டை வாடகைக்கு எடுக்கின்றனர். காலணி, கைப்பை, சிகை அலங்காரம், முக ஒப்பனை, நகப் பூச்சு ஆகியவை அடுத்தடுத்துச் சேர்கின்றன.

அடுத்து, மணிக்கட்டில் அணியும் மலர்க்கொத்தும் கோட்டில் குத்தும் மலரும் வாங்கப்படுகின்றன. சிலர் குழுவாகச் சேர்ந்து நீண்ட சொகுசு வாகனத்தை வாடகைக்கு எடுக்கின்றனர். விருந்துக்கு முன்னர் உணவகத்தில் ஓர் உணவு. விருந்து முடிந்த பின்னர் நண்பர்களுடன் மற்றொரு கொண்டாட்டம். நிழற்படக் கலைஞருக்கும் பணம் தர வேண்டும்.

சமூக ஊடகங்கள் பெருகிய பிறகு புதிய செலவு ஒன்றும் முளைத்தது. தம்முடன் விருந்துக்கு வருமாறு ஒருவரை அழைப்பதையே தனி நிகழ்ச்சியாக நடத்துகின்றனர். பதாகை, பலூன், பூங்கொத்து, இசை எனப் பலவற்றை ஏற்பாடு செய்து, அதைக் காணொளியாகப் பதிவிடுகின்றனர். முன்பு ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்த செயல் இது.

இச்செலவுகளில் எதையும் பள்ளி கட்டாயமாக்கவில்லை. எனினும், எல்லாரும் செய்கிறார்கள் என்ற எண்ணம் ஒவ்வொன்றையும் கட்டாயம்போல் ஆக்கிவிடுகிறது. பள்ளி விதித்த கட்டணத்தைப் பற்றிப் பெற்றோர் பள்ளியிடம் முறையிடலாம். நண்பர்களின் பார்வை விதிக்கும் கட்டணத்தைப் பற்றி யாரிடமும் முறையிட முடியாது.

சராசரி காட்டுவதும் மறைப்பதும்

விசா என்னும் கட்டண அட்டை நிறுவனம், புரோமுக்காகக் குடும்பங்கள் செலவிடத் திட்டமிடும் தொகையைப் பற்றிச் சில ஆண்டுகள் ஆய்வு நடத்தியது. ஒரு குடும்பத்தின் சராசரித் தொகை 2013ஆம் ஆண்டில் 1,139 டாலராகவும், 2014ஆம் ஆண்டில் 978 டாலராகவும், 2015ஆம் ஆண்டில் 919 டாலராகவும் இருந்தது. 2015ஆம் ஆண்டின் தொகையில் 324 டாலர், விருந்துக்கு அழைக்கும் நிகழ்ச்சிக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது. அதாவது, மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தொகை, விருந்து தொடங்குவதற்கு முன்பே கரைந்துவிடும்.

919 டாலர் எவ்வளவு பெரிய தொகை என்பதை உழைப்பின் வழியே அளந்து பார்க்கலாம். அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009ஆம் ஆண்டு முதல் மணிக்கு 7.25 டாலர். பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாக விதித்துள்ளன. கூட்டரசின் விகிதத்தில் வேலை செய்யும் ஒரு மாணவர் 919 டாலர் ஈட்ட ஏறக்குறைய 127 மணி நேரம் உழைக்க வேண்டும். பள்ளி நேரத்திற்குப் பிறகு வாரத்திற்குப் பதினைந்து மணி நேரம் வேலை செய்தால், எட்டு வாரங்களுக்கும் மேலாகும்.

ஆயினும், சராசரியைப் படிக்கும்போது கவனம் தேவை. பத்துக் குடும்பங்களில் ஒன்பது குடும்பங்கள் தலா 400 டாலரும், ஒரு குடும்பம் மட்டும் 5,600 டாலரும் செலவிடுவதாகக் கொள்வோம். மொத்தம் 9,200 டாலர். சராசரி 920 டாலர். ஆனால், அந்தப் பத்துக் குடும்பங்களில் எந்தக் குடும்பமும் 920 டாலர் செலவிடவில்லை. ஒரு குடும்பத்தின் பெருஞ்செலவு சராசரியை மேலே இழுத்துவிட்டது.

இத்தகைய சராசரி செய்தித்தாளில் வெளிவரும்போது என்ன நேர்கிறது? 400 டாலர் செலவிடும் குடும்பம், தான் மற்றவர்களைவிடப் பாதிக்கும் குறைவாகவே செய்வதாக எண்ணுகிறது. உண்மையில் அதைப் போன்ற குடும்பங்களே பெரும்பான்மை. ஆனால், அந்தப் பெரும்பான்மை கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுத்த முறை செலவைக் கூட்ட வேண்டும் என்ற நெருக்கடிதான் மிஞ்சுகிறது. சமூக ஊடகத்தில் வரும் படங்களும் இதே வேலையைச் செய்கின்றன. மிகுதியாகச் செலவிட்டவரின் படமே பலரால் பகிரப்படுகிறது. அக்காளின் அங்கியை அணிந்து வந்தவரின் படத்தை யாரும் பகிர்வதில்லை.

வருமானம் குறைவு, செலவு அதிகம்

2015ஆம் ஆண்டு ஆய்வில் வியப்பூட்டும் செய்தி ஒன்று இருந்தது. ஆண்டுக்கு 25,000 டாலருக்கும் குறைவாக ஈட்டும் குடும்பங்கள் புரோமுக்காகச் சராசரியாக 1,393 டாலர் செலவிடத் திட்டமிட்டன. 50,000 டாலருக்கு மேல் ஈட்டும் குடும்பங்கள் திட்டமிட்ட தொகையோ 799 டாலர்தான். முதல் வகைக் குடும்பத்திற்கு அது குறைந்தது இருபது நாள் வருமானம். இரண்டாம் வகைக் குடும்பத்திற்கு அதிகம் போனால் ஆறு நாள் வருமானம்.

வசதி குறைந்தவர்கள் ஏன் கூடுதலாகச் செலவிட முன்வருகின்றனர்? இதைப் பொறுப்பின்மை என்று ஒதுக்கிவிடுவது எளிது. சற்று ஆழ்ந்து நோக்கினால் வேறு காரணங்கள் புலப்படும். வசதியுள்ள வீட்டில் நல்ல ஆடை, காலணி, மகிழுந்து, நிழற்படக்கருவி ஆகியவை ஏற்கெனவே இருக்கும். அவை இல்லாத வீட்டில் எல்லாவற்றையும் புதிதாக வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை எளிய ஆடையில் வந்தால், அதை எளிமை என்று பாராட்டுவர். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளை அதே ஆடையில் வந்தால், இல்லாமை என்று பேசுவர். "என் பிள்ளை அந்த ஓர் இரவாவது மற்றவர்களுக்குச் சமமாக நிற்கட்டும்" என்று பெற்றோர் எண்ணுவதில் வியப்பில்லை.

அதோடு, இச்செலவு வரும் காலமும் கடினமானது. பட்டமளிப்பு அங்கி, பள்ளி ஆண்டு மலர், தேர்வுக் கட்டணம் ஆகியவை அதே மாதங்களில்தான் வருகின்றன. பல அமெரிக்கக் கல்லூரிகளில் இடத்தை உறுதிப்படுத்த, மே முதல் நாளுக்குள் முன்பணம் செலுத்த வேண்டும். கல்லூரிக்கு எடுத்துவைத்த பணத்தை விருந்து தின்றுவிட்டால், அதன் விளைவு ஓர் இரவோடு முடிவதில்லை.

செல்லாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதைப் பணத்தால் அளக்க முடியாது. பன்னிரண்டு ஆண்டுகள் ஒன்றாகப் படித்தவர்கள் கூடும் கடைசி நிகழ்ச்சியில் ஒருவர் மட்டும் இல்லை. காரணத்தை அவர் யாரிடமும் சொல்வதில்லை, கேட்பவர்களும் அரியர். 2019ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி மாவட்டம், பள்ளி மதிய உணவுக்கு 75 டாலருக்கு மேல் பாக்கி வைத்துள்ள மாணவர்கள் புரோம் போன்ற நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ள முடியாது என்று விதி வகுத்தது. பெற்றோரின் கடனுக்குப் பிள்ளையைத் தண்டிப்பதா என்று நாடெங்கும் கண்டனம் எழுந்தது. விருந்தில் இடம் மறுக்கப்படுவது தண்டனை என்பதை அனைவரும் ஒப்புக்கொண்டனர். பணமின்மையால் தாமாகவே விலகி நிற்கும் மாணவரின் நிலையும் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

சுமையைக் குறைத்தவர்கள்

இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டவர்களுள் மாணவர்களும் உள்ளனர். ஃபுளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த ரெபெக்கா கர்ட்மன் என்னும் மாணவி, புரோமுக்கு ஆடை வாங்க இயலாத மாணவிகளுக்காக ஏற்கெனவே அணிந்த அங்கிகளைத் திரட்டினார். 250க்கும் மேற்பட்ட அங்கிகளைச் சேகரித்து வழங்கினார். 2003ஆம் ஆண்டில், பதினாறு வயதில், அவர் சாலை விபத்தில் உயிரிழந்தார். அவருடைய குடும்பத்தினரும் நண்பர்களும் அப்பணியைக் கைவிடவில்லை. 'பெக்காஸ் குளோசெட்' என்னும் பெயரில் ஓர் அமைப்பை நிறுவினர். அது அமெரிக்காவின் பல மாநிலங்களுக்குப் பரவியது. 2002ஆம் ஆண்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'பிரின்சஸ் புராஜெக்ட்' என்னும் அமைப்பும் இதே பணியைச் செய்கிறது.

இத்தகைய அமைப்புகள் ஆடையை வழங்கும் முறை கவனிக்கத்தக்கது. ஆடைகளைக் கடையில் இருப்பதுபோல் அடுக்கி வைக்கின்றனர். மாணவிகள் வந்து, அணிந்து பார்த்து, தமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கின்றனர். உதவி பெறுகிறோம் என்ற கூச்சம் அங்கே குறைகிறது. ஓர் இரவு மட்டும் உடுத்திவிட்டு அலமாரியில் தொங்கும் அங்கி, இன்னொருவருக்கும் பயன்படுகிறது.

வேறு சிலர் செலவின்மையையே சாதனையாக்கினர். 2001ஆம் ஆண்டு முதல், ஒட்டுநாடா தயாரிக்கும் நிறுவனம் ஒன்று, ஒட்டுநாடாவைக் கொண்டே புரோம் ஆடை செய்யும் போட்டியை நடத்தி வருகிறது. சிறந்த ஆடையை உருவாக்கும் மாணவர்களுக்குக் கல்விக்கான உதவித்தொகை கிடைக்கிறது. அங்கே பலரும் வியந்து நோக்குவது மாணவரின் கைத்திறனைத்தான்.

பள்ளிகளும் பல வழிகளைக் கையாள்கின்றன. நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்குவோருக்கு விலையைக் குறைக்கின்றன. தவணை முறையில் கட்ட அனுமதிக்கின்றன. தேவையுள்ள மாணவர்களுக்கு ஆலோசக ஆசிரியர் வழியாக, மற்றவர் அறியாமல் நுழைவுச்சீட்டு வழங்குகின்றன. நடன இணை இல்லாமல் நண்பர் குழுவாகவோ தனியாகவோ வரலாம் என்று தெளிவாக அறிவிப்பதும் செலவைக் குறைக்கும் வழியாகும்.

நம் பள்ளிகளில்

மலேசியாவில் எஸ்.பி.எம். தேர்வு முடிந்த பிறகும், சிங்கப்பூரில் பள்ளியிறுதித் தேர்வுகள் முடிந்த பிறகும் மாணவர்கள் பிரியாவிடை விருந்து நடத்துவதுண்டு. சில விருந்துகள் தங்குவிடுதிகளில் நடைபெறுகின்றன. இங்கும் நுழைவுச்சீட்டு, புதிய ஆடை, ஒப்பனை, வாடகை வாகனம் எனச் செலவுகள் வரிசையாக வருகின்றன. எனவே, அமெரிக்க மாணவர்களின் அனுபவம் நமக்கும் பாடமாகிறது.

ஏற்பாட்டுக் குழுவில் இடம்பெறும் மாணவர்களிடம் பெரிய பொறுப்பு இருக்கிறது. மண்டபத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே யார் வர முடியும், யார் வர முடியாது என்பதையும் அவர்கள் பாதி முடிவு செய்துவிடுகின்றனர். விலையை உறுதிப்படுத்துவதற்கு முன்னர், எவ்வளவு கட்ட இயலும் என்று பெயர் குறிப்பிடாத வினாத்தாள் வழியாக எல்லா மாணவர்களிடமும் கேட்கலாம். பதிலில் காணப்படும் மிகக் குறைந்த தொகையிலிருந்து திட்டமிடத் தொடங்கலாம். அத்தொகைக்குள் தங்குவிடுதி அடங்காவிட்டால், பள்ளி மண்டபம் இருக்கிறது. பள்ளிச் சீருடையோ வீட்டிலுள்ள பாரம்பரிய உடையோ அணிந்து வரலாம் என்று அறிவித்தால், ஆடைச் செலவு அன்றே நீங்கிவிடும்.

குடும்பத்திலும் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது நன்று. செலவுப் பட்டியலை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இது இல்லாவிட்டால் விருந்துக்குச் செல்ல முடியாதா?' என்ற கேள்வியை எழுதிப் பார்க்கலாம். பெரும்பாலான வரிகளுக்கு 'முடியும்' என்பதே பதிலாக அமையும். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது மூத்தோர் சொல். அளந்து செலவிடும் வகுப்பில், விருந்தன்று ஒரு நாற்காலிகூடப் பணமின்மையால் வெறுமையாக இருக்காது.